அலோய் வீலும் கல்லடி உப்புக்காற்றும்

பின் வீலை மறுபடியும் கழற்றி, ரயரைப் பிரித்து, றிம்மின் உள்விளிம்பைச் சுரண்டிப் பூட்டியாச்சு. இந்த முறையாவது காற்று நிற்க வேண்டும். கோபம் இன்னும் ஆறவில்லை, ஆனாலும் நியாயம் பிசகாமல் எழுதப் பார்க்கிறேன்.

125 சிசி பைக், அலுமினியக் கலவையில் வார்த்த அலோய் வீல், உள்ளே ரியூப் இல்லாத ரியூப்லெஸ் ரயர். வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடற்கரைக்குக் கிட்ட. வேலை வாவிக்கு மேற்கே படுவான்கரையில்.

ஓட்டத்தில் இந்த வீலைக் குறை சொல்லவே முடியாது. மண்முனைப் பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகும்போது வளைவில் கொஞ்சம் வேகமாகச் சரித்தாலும் பைக் பிடித்த கோட்டை விடாது. முழு வீலும் ஒரே வார்ப்பு, பக்கவாட்டில் இளகாது. கம்பி வீலில் றிம்மைத் தாங்குவது கம்பிகளின் இழுவைதான். நாலைந்து கம்பி தளர்ந்தால் வீல் கோணும், கோட்டம் எடுக்கத் தெரிந்த ஆளைத் தேட வேண்டும். இதில் அந்த வேலை இல்லை. ஆணி ஏறினாலும் காற்று மெல்ல மெல்லத்தான் இறங்கும். இருட்டின பிறகு வயல் வழியில் ஆணி ஏறி, அதோடேயே வீடு வந்து சேர்ந்திருக்கிறேன். ரியூப் என்றால் அந்த இடத்திலிருந்தே உருட்ட வேண்டியதுதான்.

இலேசு என்று சொல்லி விற்பதை மட்டும் நம்ப வேண்டாம். சின்ன பைக்குகளின் வார்ப்பு வீலைப் பலத்துக்காகத் தடிப்பாக வார்க்கிறார்கள், கம்பி வீலைவிடப் பாரம் குறைவு என்று சொல்ல ஏலாது. விளிம்பில் கூடுகிற ஒவ்வொரு கிலோவும், வேகமெடுக்கும்போது எஞ்சினுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோவின் வேலை வைக்கும். முன்னே போவதோடு அது சுழலவும் வேண்டுமே.

இனி அந்தக் காற்றுக் கதை. ரியூப்லெஸ்ஸில் காற்றை அடைத்து வைத்திருப்பது ரயரின் ஓரமும் றிம்மும் இறுகித் தொடுகிற ஒடுங்கிய வளையம் மட்டுமே. ரயர் மாற்றும்போது இரும்பு லீவர் அந்த இடத்துப் பெயின்ரைக் கீறிவிடும். வாடைக்காற்றோடு வருகிற உப்பு ஈரம் கீறலுக்குள் இறங்கும். அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பொங்கிப் பெயின்ரைக் கிளப்பும். ரயர்க்கடைத் தம்பி சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் காட்டினான். ரயரில் றோட்டைத் தொடுகிற முகத்தில் ஒரு குமிழி இல்லை. வால்வுக்கு எதிர்ப்பக்கம் றிம் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பொடிக் குமிழிகள் நுரைத்துக்கொண்டே இருந்தன. 32 பிஎஸ்ஐ காற்று அடித்தால் கிழமை முடியுமுன் 20க்கு வந்துவிடும். காற்றுக் குறைந்த ரயர் பெற்றோலைத் தின்னும், பக்கச்சுவர் சூடேறிக் கெடும், பள்ளத்தில் விழுந்தால் அடி நேரே றிம்மில் இறங்கும். இரும்பு றிம் நெளிந்தால் தட்டி எடுக்கலாம். வார்ப்பு அலோய் வெடித்தால் வெடித்ததுதான்.

"ரியூப் ஒண்டப் போட்டுட்டு விடுங்க அண்ணன்" என்கிறான் தம்பி. போட்டால் காற்று நிற்கும். ஆணி ஏறினாலும் வீடு சேரலாம் என்கிற சுகம் போய்விடும். பிறகு எதற்கு எனக்கு ரியூப்லெஸ்? என் வீலில் வெளியே தெரிகிற இடமெல்லாம் பெயின்ற் தடிப்பு, ரயருக்குள் மறைகிற இடத்தில் மட்டும் மெல்லிசு. காற்றைப் பிடிக்க வேண்டிய இடம் அதுதானே!

அம்பாறை ரவுணில் இருக்கிற நண்பனிடமும் இதே பைக், இதே வீல். அவனுக்கு இந்தக் கரைச்சலே இல்லை, அங்கே ஏது உப்புக்காற்று? தன் தம்பிக்குப் பழைய பைக் பார்க்கிறான், எந்த வீல் நல்லது என்று கேட்டான். உங்கட பக்கம் ஓடுவதென்றால் அலோயை யோசிக்காமல் எடு என்றேன். கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று கடலோரம் பைக்கை நிறுத்துகிறவர்கள் கம்பி வீலையே எடுங்கள், அதில் காற்றைப் பிடிப்பது ரியூப்தான், றிம் ஓரம் இல்லை. கம்பியும் துருப்பிடிக்கும்தான். ஆனால் அந்தத் துரு கண்ணுக்குத் தெரியும், பழுதான கம்பியை மட்டும் மாற்றலாம். வளைவில் இந்த வீல் தருகிற பிடிமானத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். என்றாலும் இதே பைக்குக்குக் கம்பி வீல் கிடைத்தால் நாளைக்கே மாற்றிவிடுவேன்.