காரைக்குடித் தெருவா, சென்னை பொட்டிக்கா: பழம்புடவையும் பழம்பாத்திரமும் வாங்குவோருக்கு

எங்கள் வீட்டுக்கு வேண்டிய பாத்திரங்களையும் விசேஷங்களுக்கு உடுத்தும் புடவைகளையும் கூடியவரை பழையனவாகவே வாங்குவது என்று சில ஆண்டுகளுக்கு முன் முடிவு செய்தோம். சென்னையில் இருப்பவர்களுக்கு இதற்கு முதன்மையாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பழைய காஞ்சிபுரம் பட்டுகளையும் பித்தளை, எனாமல் சாமான்களையும் தேர்ந்தெடுத்து, சுத்தம் செய்து, விலைச்சீட்டுக் கட்டி விற்கும் நகரத்துப் பொட்டிக். மற்றொன்று, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகள். நான் இரண்டு இடங்களிலும் வாங்கியிருக்கிறேன். இன்று பட்டுப்புடவைக்கும் சமைக்கும் பாத்திரத்துக்கும் பொட்டிக்கை மட்டுமே நாடுகிறேன். விலை கூடுதல் என்று தெரிந்தே இப்படிச் செய்வதற்கு ஒரே காரணம் உண்டு: பழுது பார்க்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு அங்கே தெளிவான பதில் கிடைக்கிறது.

விலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரே மாதிரியான தூக்குவாளிக்குப் பொட்டிக்கில் ஏறத்தாழ இரு மடங்கு கேட்பார்கள். வாடகை, குளிர்சாதனம், கூடத்தில் நிற்கும் பணியாளர் எல்லாமே அந்தச் சீட்டில் அடக்கம். காரைக்குடியில் பேரம் பேசலாம், பொட்டிக்கில் பேச முடியாது. பிற்பகலில் எழும்பூரில் கிளம்பும் பல்லவன் விரைவு ரயில் இரவில் காரைக்குடியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்றாலும், தங்குவதற்கும் அண்டா குண்டாக்களைக் கட்டி அனுப்புவதற்கும் ஆகும் செலவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் யாருக்கும் தோன்றும் கணக்குகள்.

பட்டுப்புடவையில்தான் இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு முழுமையாக வெளிப்படுகிறது. பழைய காஞ்சிபுரம் புடவையின் பெருமை அதன் கனத்திலும் ஜரிகையிலும் இருக்கிறது. அசல் ஜரிகை என்பது பட்டிழையைச் சுற்றி வெள்ளிக் கம்பியை இழைத்து, மேலே பொன் முலாம் பூசியது. ஓரிழையைச் சற்றே சுரண்டிப் பார்த்தால் உள்ளிருக்கும் சிவப்புப் பட்டு தெரியும். அந்த வெள்ளிதான் புடவைக்கு எமனும்கூட. ஒரே மடிப்பில் பல ஆண்டுகள் பீரோவில் கிடந்த புடவையில், மடிப்புக் கோட்டில் இருக்கும் உலோக இழை பக்கத்துப் பட்டிழையை மெல்ல அறுத்துவிடுகிறது. விரித்துப் பார்க்கும்போது கண்ணுக்கு எதுவும் தெரியாது. முதல் முறை கட்டி உட்கார்ந்து எழும்போது கொசுவத்தில் நீளவாக்கில் கிழிந்து நிற்கும்.

ஆகவே பழம்புடவையை வாங்குகிறவர் பார்க்க வேண்டியது மூன்று இடங்கள். முதலாவது, மடிப்புக் கோடுகள்: வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த வரிகள் மட்டும் மற்ற இடங்களைவிட வெளிறித் தெரிகின்றனவா என்று கவனிக்க வேண்டும். இரண்டாவது, கோர்வை. கரை ஒரு நிறமாகவும் உடல் வேறு நிறமாகவும் இருக்கும் புடவையில் மூன்று நாடாக்களை (ஊடை எனும் குறுக்கு நூலைக் கொண்டு தறியில் ஓடும் கட்டைகளை) ஓட்டி, ஊடைக்கு ஊடை கொக்கி போல் கோத்து நெய்திருப்பார்கள். அந்தச் சேர்மானம் எங்காவது வாய் பிளந்திருந்தால் ஒரு விரல் அளவு விரிசல் ஒரே நாளில் ஒரு சாண் ஆகும். மூன்றாவது, இடுப்பில் செருகும் பகுதியும் கணுக்காலில் உரசும் கீழ்க்கரையும். வியர்வையும் தரையும் பட்டுப் பட்டு முதலில் இற்றுப்போவது இவைதான். இரண்டு கட்டைவிரல்களுக்கு இடையில் துணியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தால், உயிருள்ள பட்டு நெகிழ்ந்து மீளும். இற்ற பட்டு சிறு சத்தத்தோடு விட்டுவிடும்.

இந்தச் சோதனைகளை முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் நிதானமாகச் செய்வது கடினம். அங்கே புடவை முதன்மைச் சரக்கு அல்ல. வீடுகளிலிருந்து மொத்தமாக எடுக்கப்படும் சாமான்களோடு மூட்டையில் வந்து சேர்வது. இருட்டிய உள்ளறையில், தூசி படிந்த மரச்சாமான்களுக்கு நடுவே ஆறு கெஜத்தையும் விரித்துப் பார்க்க இடமிருக்காது. விற்பவரும் இருப்பது இருக்கிறபடி என்றுதான் விற்கிறார். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஆனால் அதன்பின் வரும் ரஃபு வேலை (கிழிசல் தெரியாமல் இழையோட்டித் தைப்பது), டிரை கிளீனிங், பின்பக்கத் துணி எல்லாம் வாங்கியவர் தலையில் விழுகின்றன. பட்டில் நுணுக்கமாக ரஃபு செய்யும் கைகள் இன்று மிகக் குறைவு. ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து, வேலையை ஒப்படைத்து, பல வாரம் காத்திருந்து வாங்கும்போது, மலிவாக வாங்கியதாக நினைத்த புடவையின் விலை பொட்டிக் விலையை எட்டிவிடுகிறது.

நல்ல பொட்டிக் ஒன்று இந்த வேலையை முன்கூட்டியே செய்து வைத்திருக்கும். நான் வழக்கமாகப் போகும் கடையில் பலவீனமான மடிப்பு வரிகளுக்குப் பின்னால் அதே நிறத்தில் மெல்லிய வலைத்துணி வைத்துத் தைத்திருப்பார்கள். எங்கே தைத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்காமலேயே காட்டுவார்கள். உடல் முற்றிலும் இற்று, கரை மட்டும் திடமாக இருக்கும் புடவையில் பழைய கரையைப் பிரித்தெடுத்துப் புதிய பட்டில் சேர்த்துத் தருவதும் உண்டு. அப்படிச் செய்ததை வெளிப்படையாகச் சொல்லி, முழுப் பழம்புடவையைவிடக் குறைந்த விலை போடும் கடைதான் நம்பத்தக்கது. பழைய ஒன்பது கெஜப் புடவைகளை ஆறு கெஜமாக வெட்டி, மிச்சத்தில் ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுக்கும் வழக்கத்தை நான் வரவேற்கிறேன். மடிசார் கட்டாத வீட்டில் அந்தப் புடவை மீண்டும் உடுத்தப்படுவதற்கு அதுவே வழி. அகலம் குறைவாக நெய்யப்பட்ட பழம்புடவைகளும் வருவதால், உயரமானவர்கள் அளவுநாடா வைத்து அளந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

பொட்டிக்குகளின் எல்லாப் பழக்கமும் நல்லதல்ல. கஞ்சி ஏற்றி ரோல் பாலிஷ் போட்டு, பழைய பட்டைப் புதுப்பட்டு போல விறைப்பாக்கி மாட்டி வைக்கும் கடைகள் நகரத்தில் நிறைய இருக்கின்றன. விறைத்த பட்டு மடிப்பில் இன்னும் விரைவாக முறியும். ஹேங்கரில் மாதக்கணக்கில் தொங்கும் கனமான புடவையும் தன் பாரத்தாலேயே இழை விட்டுப்போகும். புடவைகளைப் பருத்தித் துணியில் சுற்றி அடுக்கி வைத்திருக்கும் கடையா, கண்காட்சி போலத் தொங்கவிட்டிருக்கும் கடையா என்பதை வாசலிலேயே பார்த்துவிடலாம். வாங்கிய பின்னும் சில மாதங்களுக்கு ஒரு முறை மடிப்பை மாற்றிப் போட வேண்டும். வாசனைத் திரவியம் ஜரிகையில் நேரே படக்கூடாது, பட்டால் கறுத்துவிடும்.

பருத்தியில் நிலைமை வேறு. செட்டிநாட்டின் கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பின்பு பொட்டிக்குகளில் அதற்குத் தனி மவுசு வந்திருக்கிறது. பருத்தி தோய்த்துத் துவைக்கத் தாங்கும், மடிப்பில் அறுபடாது. பழைய கண்டாங்கி கண்ணில் பட்டால் காரைக்குடியிலேயே தயங்காமல் வாங்கலாம்.

பாத்திரங்களில் எனக்குத் தீர்ப்பு சொன்னது ஈயப் பூச்சு. புளியோ தயிரோ எலுமிச்சையோ பட்டால் பித்தளையில் களிம்பேறும் என்பதால், சமைக்கும் பித்தளைக்கு உட்புறம் வெள்ளீயம் பூசியாக வேண்டும். பாத்திரத்தைக் கரியடுப்பில் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, ஈயக் குச்சியைத் தேய்த்துப் பஞ்சால் பரப்பும் இந்த வேலையை ஒரு காலத்தில் தெருத் தெருவாக வந்து செய்தார்கள். இன்று சென்னையில் அவர்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. கிடைப்பவர் வெள்ளீயத்துக்குப் பதிலாகக் காரீயம் கலந்து பூசிவிட்டால் அது நஞ்சு. வெள்ளீயக் குச்சியை வளைத்தால் மெல்லிய முறுமுறுப்புச் சத்தம் வரும், காரீயத்தில் வராது. காரீயத்தைக் காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு விழும். இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது; ஆனால் ஒவ்வொரு முறையும் குச்சியை வாங்கி வளைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எங்கள் பொட்டிக்கில் தங்களிடம் வாங்கிய பாத்திரத்துக்குப் பூச்சு தேயும்போது கட்டணம் வாங்கிக்கொண்டு மறுபூச்சுக்கு ஏற்பாடு செய்து தருகிறார்கள். அவர்கள் நிரந்தரமாக ஒருவரிடமே கொடுப்பதால் தரம் ஒரே சீராக இருக்கிறது. இந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே கூடுதல் விலையை நான் மனமாரக் கொடுக்கிறேன். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் வெறும் பாத்திரத்தை அடுப்பில் விடக்கூடாது, கம்பி நாரால் தேய்க்கக்கூடாது. இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் பூச்சு நெடுநாள் நிற்கும்.

வெண்கலப் பானைக்கு இந்தத் தொல்லை கிடையாது. பொங்கலுக்கும் சோற்றுக்கும் அப்படியே வைக்கலாம். ஆனால் வெண்கலம் கீறல் விட்டால் சீர் செய்வது அரிது. விரல் கணுவால் தட்டினால் கணீரென்று நீண்டு ஒலிக்க வேண்டும். ஒலி மழுங்கினால் எங்கோ விரிசல் உண்டு. அடியில் பற்றவைத்த திட்டுகள் தெரிந்தால், பழைய பற்றாசில் காரீயம் கலந்திருக்கும் என்பதால் அதைப் பூத்தொட்டியாக வைத்துக்கொள்ளலாமே தவிரச் சமைக்கக்கூடாது.

பித்தளை வாங்குவோர் பொட்டிக்கில் இரண்டு விஷயங்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கறுக்காமல் பளபளக்கட்டும் என்று மேலே லாக்கர் என்ற மெருகுப் பூச்சைப் பூசியிருப்பார்கள். அலங்காரத்துக்குச் சரி, அடுப்பில் வைத்தால் அது கருகி உரியும். இயந்திரத்தில் பஃபிங் போட்டு மெருகேற்றும்போது, பாத்திரத்தின் தோளில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய பழைய பெயர்கள் தேய்ந்து மறைகின்றன. சீர் கொடுத்தவரின் பெயரின் முதலெழுத்தும் ஊரும் அந்தப் புள்ளிகளில்தான் இருக்கும். அதை அழித்துவிட்டுப் பழமைக்கு விலை கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த விஷயத்தில் களிம்பும் கரியுமாக அப்படியே விற்கும் காரைக்குடிக் கடைக்காரர்கள் பொருளுக்கு நேர்மையாக இருக்கிறார்கள்.

காரைக்குடிக்குக் கட்டாயம் போக வேண்டிய பொருட்களும் உண்டு. செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் பர்மா, மலேயா வணிகத்தின் வழியாகக் கொண்டுவந்த சுவீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் எனாமல் சாமான்கள் அங்கே அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. அதே அடுக்குப் பாத்திரத்தைச் சென்னைப் பொட்டிக்கில் ஒற்றை ஒற்றையாகப் பிரித்து விற்பார்கள். மூடியும் அடுக்கும் சேர்ந்த முழுச் செட்டு வேண்டுமென்றால் காரைக்குடிதான். எனாமலில் பழுது பார்க்க எதுவுமில்லை என்பதால் என் முக்கியக் கவலையும் அங்கே பொருந்தாது: விளிம்பில் சில்லு பெயர்ந்து துரு தெரிந்தால் சமையலுக்கு ஆகாது, பெயரவில்லை என்றால் எடுத்துக்கொள்ளலாம். பழைய சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சுப் பூச்சுகளில் காட்மியமும் காரீயமும் கலந்திருக்க வாய்ப்புண்டு. அவற்றை நான் அலமாரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஓவியர் ரவி வர்மாவின் படங்களுக்கும் காரைக்குடிக்குப் போகலாம். அவர் 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் கல்லச்சுப் படங்கள், ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைக்கப்பட்ட நிலையில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வருகின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கல்லச்சின் புள்ளிகள் ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும். பிற்கால ஆஃப்செட் நகலில் புள்ளிகள் சீரான வரிசையில் நிற்கும். கடை எதுவானாலும் கண்ணாடியைக் கையில் கொண்டுபோவது நல்லது.

மறுவிற்பனை என்று வந்தால் இரண்டு வழியும் ஏறத்தாழ ஒன்றுதான். பழைய பட்டுப்புடவை வாங்குகிறோம் என்று பலகை வைத்திருப்பவர்கள் ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்குத்தான் விலை போடுகிறார்கள். புடவையை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள், நெசவின் அழகுக்குக் காசில்லை. பித்தளை கிலோக் கணக்கில் போகும். பொட்டிக்குகள் சில தாங்கள் விற்ற பொருளை எடுத்துக்கொண்டு வேறு பொருள் தருவதாகச் சொல்கின்றன. நான் அதைப் பயன்படுத்திப் பார்க்கவில்லை என்பதால் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். வால்வு வானொலி, சுவர்க்கடிகாரம் போன்ற இயங்கும் பொருட்களில் என் அனுபவம் மிகக் குறைவு. பழுதுபார்ப்புதான் முடிவு செய்யும் என்ற என் வாதம் அவற்றுக்கு இன்னும் வலுவாகப் பொருந்தும் என்று தோன்றுகிறதே தவிர, வாங்கிப் பயன்படுத்தியவர்களின் சொல்லையே கேட்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப வாங்குகிறவர்கள் ரசீதையும் மனத்தில் கொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள கலைப்பொருளையோ கைவினைப் பொருளையோ தனியார் நாட்டை விட்டுக் கொண்டுசெல்ல முடியாது. பழமையாகத் தோற்றமளிக்கும் பொருளானால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று பெற்றுக்கொள்வதே பாதுகாப்பு. நூற்றாண்டுப் பழமை என்று கடைக்காரர் வாய்ப்பேச்சில் உயர்த்திச் சொல்வதை ரசீதிலும் எழுதி வாங்கினால், அதே வரி சுங்கத்தில் கேள்வியாகத் திரும்பும். பொருளின் பெயர், உலோகம், தோராயமான காலம், செய்த பழுதுவேலை ஆகியவற்றை எழுதி ரசீது தரச் சொல்லிக் கேளுங்கள்; நான் போகும் பொட்டிக்கில் கேட்ட உடனே தருகிறார்கள், காரைக்குடியில் பெரும்பாலும் மொத்தத் தொகை மட்டும் எழுதிய துண்டுச்சீட்டுதான் கைக்கு வந்தது.