திட்ட மதிப்பெண், சதமானம், வகுப்புச் சமன்: அறிக்கையில் எதை எழுதுவது?

ஒரு குழந்தை வாசிப்புத் தேர்வில் பெற்ற மூல மதிப்பெண்ணை (சரியான விடைகளுக்குக் கிடைத்த நேரடி மொத்தத்தை) மூன்று வடிவங்களுக்கு மாற்றி எழுத முடியும் என்பதால், மூன்றும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன என்று பள்ளி உளவியல் பயில்வோர் பலர் எண்ணிவிடுகிறார்கள். அவை ஒரே செய்தியைச் சொல்வதில்லை.

ஒப்பீட்டுக் குழுவின் சராசரியிலிருந்து குழந்தை எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைக் காட்டும் திட்ட மதிப்பெண், பெரும்பாலான திறன் தேர்வுகளில், சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியுள்ளன என்ற அளவு) 15 என்ற அளவுகோலில் அமைகிறது. பெரும்பாலோர் சராசரியை ஒட்டியும் சிலரே இரு ஓரங்களிலும் அமையும் இயல்நிலைப் பரவலில் ஏறக்குறைய 68 சதவீதத்தினர் 85-க்கும் 115-க்கும் இடையே வருவார்கள். இதன் இடைவெளிகளைச் சமமாகக் கொள்ளலாம் என்பதால் ஒரு தேர்வை மற்றொன்றுடன் ஒப்பிடவும், சென்ற ஆண்டின் மதிப்பெண்ணை இந்த ஆண்டின் மதிப்பெண்ணிலிருந்து கழித்துப் பார்க்கவும் இது இடம் தருகிறது.

சதமானத்தில் அந்த வசதி இல்லை. திட்ட மதிப்பெண் 85 என்பது 16-ஆம் சதமானம். அதாவது, ஒப்பீட்டுக் குழுவில் உள்ள அதே வயதினரில் நூற்றுக்குப் பதினாறு பேர் அந்த அளவையோ அதற்குக் குறைவாகவோ பெற்றிருக்கிறார்கள். பெற்றோருக்கு விளக்க இதைவிட எளிய வடிவம் கிடையாது, ஆனால், "நூற்றுக்கு 16 மதிப்பெண்தானா?" என்று அவர்கள் கலங்கிவிடாதபடி, சதமானம் வேறு, சதவீதம் வேறு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதைவிட ஆழமான சிக்கல் இடைவெளியில் இருக்கிறது. சதமானம் 50-லிருந்து 60-க்கு உயர்ந்தால் திட்ட மதிப்பெண் ஏறக்குறைய 4 புள்ளிகளே கூடுகிறது. 89-லிருந்து 99-க்கு உயர்ந்தாலோ ஏறக்குறைய 16.5 புள்ளிகள் கூடுகிறது. ஆகவே சதமானங்களைக் கூட்டிச் சராசரி காண்பதும், அவற்றின் வேறுபாட்டை முன்னேற்றத்தின் அளவாகக் கொள்வதும் பிழை.

வகுப்புச் சமனை நான் பரிந்துரைப்பதில்லை. மூன்றாம் வகுப்பு மாணவிக்கு 'ஆறாம் வகுப்பு நிலை' என்று வந்தால், ஆறாம் வகுப்பின் நடுத்தர மாணவர் அந்தத் தேர்வில் பெறக்கூடிய மூல மதிப்பெண்ணை அவள் பெற்றிருக்கிறாள் என்பதே பொருள். ஆறாம் வகுப்புப் பாடத்தை அவளால் படிக்க முடியும் என்பதற்கு அது சான்றாகாது.

எந்த வடிவமானாலும் பிழை எல்லையைச் சேர்த்தே எழுத வேண்டும். நம்பகத்தன்மைக் கெழு (மதிப்பெண்கள் எவ்வளவு நிலையானவை என்பதை 0 முதல் 1 வரை காட்டும் எண்) 0.91 உள்ள தேர்வில் அளவீட்டின் திட்டப் பிழை, அதாவது ஒரு மதிப்பெண்ணில் எதிர்பார்க்கக்கூடிய பிழையின் அளவு, 4.5, எனவே 85 என்ற மதிப்பெண்ணை, 95 சதவீத நம்பிக்கை அளவில், 76 முதல் 94 வரை என்று படிக்க வேண்டும். அதே எல்லை சதமானத்தில் 5 முதல் 34 வரை நீள்கிறது. '16-ஆம் சதமானம்' என்ற ஒற்றை எண்ணை மட்டும் பெற்றோரிடம் கொடுத்தால், இந்த நீளம் முழுவதும் அவர்கள் கண்ணில் படாமலே போய்விடுகிறது.