உபுட்டில் முதல் தடவை: வயலோரமா, அரண்மனைப் பக்கமா?

பாலித் தீவுக்கு முதல் தடவை போகிற குமரி மாவட்டத்துக்காரர்கள் கடற்கரையை விட்டுவிட்டு நேரே தீவின் உள்ளே இருக்கும் உபுட் ஊருக்குப் போவது சரிதான். முட்டத்திலும் சொத்தவிளையிலும் பார்க்காத அலையா? ஆனால் உபுட்டில் எங்கே அறை போடுவது என்பதில்தான் சறுக்குகிறோம். திருவனந்தபுரத்திலிருந்து கோலாலம்பூர் வழியாகப் போன நாங்கள் முதல் இரண்டு இரவு மேற்கே பெனஸ்தானனில் வயலோரமாகத் தங்கினோம், அடுத்த இரண்டு இரவு ஊர் நடுவில், அரண்மனையிலிருந்து ஐந்து நிமிட நடையில்.

வயலோரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ராத்திரி தவளை, விடிந்தால் சேவல், கதவைத் திறந்தால் நெல், வரப்பில் தென்னை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என் மனைவி காப்பித் தம்ளரோடு வெளியே வந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இதப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம், பூதப்பாண்டியில இல்லாததா?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. சென்னைக்காரருக்கு அது அதிசயமாக இருக்கலாம், நாஞ்சில் நாட்டில் வளர்ந்தவனுக்கு எப்படி இருக்கும்?

அதைவிடப் பெரிய தொல்லை போக்குவரத்து. சாம்புவான் சாலையிலிருந்து செங்குத்தான படிக்கட்டு, அப்புறம் கார் நுழையாத ஒற்றையடிப் பாதை, பெட்டியைத் தலையில் வைக்காத குறை. விடுதிக்காரர்கள் 'நடக்கிற தூரம்' என்று போட்டிருந்தார்கள். நடக்கிற தூரம்தான், பகலில். ராத்திரி அரண்மனையில் நடன ஆட்டம் முடிந்து ஒன்பது மணிக்கு வெளியே வந்து செயலியில் கார் கூப்பிட்டால் ஊருக்குள் ஏற்ற வர யோசிக்கிறார்கள், உள்ளூர் ஓட்டுநரோடு பேரம் பேசித்தான் கிளம்ப வேண்டும், மிச்சத்தைக் கைப்பேசி வெளிச்சத்தில் நடக்க வேண்டும். முதல் நாளே அலுத்துப்போய் இரண்டாம் நாள் ஆட்டத்துக்குப் போகவில்லை. ஸ்கூட்டர் எடுக்கலாமே என்றால், இருசக்கர வண்டிக்கும் செல்லுகிற சர்வதேச உரிமம் கையில் இருக்க வேண்டும்.

ஊர் நடுவில் நெரிசல், நடைபாதை என்ற பெயரில் உடைந்த பலகைக் கல், பத்தடிக்கு ஒரு 'டாக்ஸி, டாக்ஸி'. ஆனால் தெருப் பெயரைப் பாருங்கள்: ஹனோமான், அர்ஜுனா, தேவி சீதா. நாங்கள் தங்கியது ஒரு குடும்பத்தின் வளாகத்துக்குள்ளேயே ஓர் அறை, முற்றத்தின் மூலையில் அவர்கள் வீட்டுக் கோயில். காலையில் அந்த அம்மா குருத்தோலையில் பின்னிய சின்னத் தட்டில் கேந்தி, கொஞ்சம் சோறு, ஊதுவத்தி வைத்து வாசலில் இறக்கிவிட்டு விரல் நுனியால் தண்ணீர் தெளிப்பார். சானாங் சாரி என்று பெயர். ஒரு நாள் அதில் ஒரு பிஸ்கட்டும் இருந்தது. தோவாளைச் சந்தையில் பூ வாங்கிப் பழகிய நாங்கள் அந்தத் தட்டைத் தாண்டி மிதிக்காமல் நடக்கக் கற்றுக்கொள்ளவே ஒரு நாள் ஆயிற்று.

இதற்கெல்லாம் மேலே ராத்திரி ஏழரை மணிக்கு லெகோங் என்கிற பாலி நடனம். சாப்பிட்டுவிட்டு அரண்மனை முற்றத்துக்கு நடந்தே போய் உட்கார்ந்துவிடலாம். அதற்கு வாசிக்கும் கமெலான் வாத்தியக் குழுவில் ஜோடி ஜோடியாக இருக்கும் வெண்கலக் கருவிகளை வேண்டுமென்றே ஒன்றுக்கொன்று சற்றே சுருதி விலக்கி வைத்திருப்பார்கள், அதனால்தான் ஒலி அலையடிக்கிற மாதிரி நடுங்குகிறது. நம்ம ஊர்க் கச்சேரியில் அப்படி விலகினால் திட்டு விழும்!

கெச்சாக்கும் உண்டு. வாத்தியமே இல்லாமல் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து 'சக் சக்' என்றே ராமாயணம் நடத்துவது. பழஞ்சடங்கு ஒன்றிலிருந்து 1930-களில் ஜெர்மானிய ஓவியர் வால்டர் ஸ்பீஸும் உள்ளூர்க் கலைஞர்களும் சேர்ந்து உருவாக்கிய வடிவம். தெற்கே கடலோரத்து உலுவாட்டு மலைமுகட்டுக்குப் போய்தான் பார்க்க வேண்டும் என்பார்கள். சூரியன் மறைவதும் கடலும் நமக்குப் புதிதில்லை, உபுட்டிலேயே பாருங்கள்.

ஓவியம் பார்க்க 1982-ல் திறந்த நெக்கா அருங்காட்சியகம் பெரியது, ஆனால் அதற்கு வண்டி வேண்டும். முக்கியச் சாலையிலேயே இருக்கும் பூரி லூக்கிசான் 1956-லிருந்து இருக்கிறது, அங்கே உபுட் கலைஞர் லெம்பாட்டின் கறுப்பு மைக் கோட்டோவியங்களுக்கு முன் நான் ஒரு மணி நேரம் நின்றேன். வெளியே வந்து சற்றே நடந்தால் அதே லெம்பாட் கட்டிய சரஸ்வதி கோயில், முன்னால் தாமரைக் குளம். தாமரை நமக்குப் பழக்கம்தான், இருந்தாலும் அங்கே என் மனைவி பூதப்பாண்டியை இழுக்கவில்லை.

மூன்று இரவு என்றால் மூன்றையும் ஊர் நடுவிலேயே போடுங்கள். ஆட்டம், ஓவியம் இரண்டிலும் நாட்டமில்லை, சும்மா படுத்துக் கிடக்கத்தான் போகிறேன் என்றால் பெனஸ்தானன் போகலாம். பெட்டி மட்டும் சின்னதாக இருக்கட்டும், அந்தப் படிக்கட்டு நெசமாகவே செங்குத்து.