அந்தமான் 'குரூஸ் பேக்கேஜ்' புக் பண்ணப் போகிறீர்களா? முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பொங்கல் விடுமுறைக்கு நான், மனைவி, ஒன்பது வயது மகள், அம்மா நான்கு பேரும் அந்தமான் போய் வந்தோம். பேக்கேஜ் வாங்கியது தி.நகரில் ஒரு டிராவல் ஏஜென்சியில். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. கோடை விடுமுறைக்கு இப்போதே பலர் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் நாளுக்கு மட்டும் தலைக்கு 4,800 ரூபாய். நோட்டீஸில் இருந்தது இது: ஹேவ்லாக், ஸ்வராஜ் த்வீப் என்று இரண்டு தீவுகளுக்குக் குரூஸ், காட்டு வழியில் டிரெக்கிங், ஸ்நார்கெலிங் (மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு மிதந்தபடி கடலுக்கடியில் பார்ப்பது), மாலையில் ராதாநகர் கடற்கரை.

அந்த இரண்டும் ஒரே தீவு. ஹேவ்லாக்குக்கு 2018-இல் வைத்த பெயர்தான் ஸ்வராஜ் த்வீப். போர்ட் பிளேருக்கும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், அதனால் தீவுக் கணக்கைப் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் வைத்துச் சரிபாருங்கள். குரூஸ் என்றதும் தினமும் ஓடுகிற சாதாரணப் பயணிகள் கப்பல்தான்.

ஹேவ்லாக்கில் வண்டி ஓட்டிய தம்பி தமிழ்ப் பையன். ஸ்நார்கெலிங் நடக்கிற எலிபன்ட் பீச்சுக்குக் காட்டுக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும், அந்தப் பாதை ராதாநகர் போகும் ரோட்டிலேயே ஆரம்பிக்கிறது. "எப்போ நடக்கணும்?" என்று கேட்டேன். "உங்களுக்குப் போட்தான் சார் சொல்லியிருக்காங்க. நடக்கணும்னா கைடுக்குத் தனியா குடுக்கணும்" என்றான். டிரெக்கிங் அதோடு முடிந்தது.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். போட்டில் எலிபன்ட் பீச் போய் ஸ்நார்கெலிங்குக்கு இறங்கும்போது மகளுக்குக் கொடுத்தது பெரியவர்கள் போடுகிற லைஃப் ஜாக்கெட். மூன்று கிளிப்பில் நடு கிளிப்பின் ஒரு பல் உடைந்திருந்தது. மாட்டினால் 'டக்' என்று சத்தம் வரும், லேசாக இழுத்தால் கழன்றுவிடும். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன், ஜாக்கெட் காதுவரை ஏறியது, பிள்ளை கீழேயே நின்றாள். வேறு கேட்டதற்கு, "ஆழமில்ல, நான் பிடிச்சுக்கறேன்" என்கிறார் ஸ்நார்கெலிங்குக்குக் கூட்டிப்போகிற ஆள். நான் விடவில்லை. அரை மணி நேரம் சண்டை போட்ட பிறகுதான் சின்ன அளவு ஒன்று வந்தது. மூச்சுக்குழாய் முந்தினவர் வாயிலிருந்து எடுத்ததை அப்படியே கடல் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி நீட்டினார்கள். மிதவை டியூபைப் பிடித்துக்கொண்டு மிதந்தது மொத்தம் பத்து நிமிடம். போட்டோவுக்காக மகளைப் பவளத்தின் மேல் ஏறி நிற்கச் சொன்னார் அவர். வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு என்ன பாதுகாப்போ அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு. அதை அங்கேயே சொன்னேன், கோபித்துக்கொண்டார்.

கரைக்கு வந்ததும் படகுக்காரர் சொன்னார், அந்தப் பத்து நிமிடம் படகு டிக்கெட்டிலேயே சேர்த்தியாம். ஏஜென்ட் அதற்குத் தனியாகத் தலைக்கு 1,200 வாங்கியிருந்தார்.

ராதாநகருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். ஜனவரியில் சென்னையில் ஆறு மணிக்கு மறைகிற சூரியன் அங்கே ஐந்தேகால் வாக்கிலேயே மறைந்துவிடும். கடிகாரம் ஒன்றுதான், ஆனால் அந்தமான் அவ்வளவு கிழக்கே இருக்கிறது. வருஷம் முழுக்க ஆள் அனுப்புகிறவர்களுக்கு இது தெரியாதா? தண்ணீரில் இருந்தவர்களைக் காவலர் விசில் அடித்து வெளியேற்றிக்கொண்டிருந்தார். முழங்கால் வலியோடு இந்த ஒரு இடத்துக்காகவே வந்த அம்மா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டு மணலில் கொஞ்ச நேரம் நின்றார். "சத்தம் கேக்குதுல்ல, போதும்பா" என்றார்.

ஊருக்கு வந்து ஏஜென்சியில் கேட்டால், "கப்பல் லேட் சார், எங்க கையில இல்ல" என்கிறார்கள். கப்பல் சரியான நேரத்துக்குத்தான் போனது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிவு செய்தேன். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. நோட்டீஸ், ரசீது, கிளிப்பின் போட்டோ மூன்றும்தான் என் கையில் இருந்த ஆதாரம். ஸ்நார்கெலிங் எத்தனை நிமிடம், பிள்ளைக்கு ஏற்ற ஜாக்கெட் உண்டா, கைடு பணம் சேர்த்தியா, ராதாநகருக்கு எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்காமல் விட்டேன். நீங்கள் பணம் கட்டும் முன்பே வாங்கிவிடுங்கள்.

போன வாரம் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. தலைக்கு ஆயிரம் ரூபாய் திருப்பித் தருகிறோம், மனுவை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.