வெள்ளியங்கிரியா அகத்தியர்கூடமா? முட்டிய கேட்டுட்டு முடிவு பண்ணுங்க

தை பொறந்தா போதும், எங்க ஆபீஸ்ல பஞ்சாயத்து கிளம்பிடும், இந்த வருஷம் ஏறப்போறது கோயம்புத்தூர் பக்கத்துல ஏழு மலை ஏறுற வெள்ளியங்கிரியா, கேரளா வழியா ஏறுற பொதிகை மலை உச்சி அகத்தியர்கூடமான்னு. வெள்ளியங்கிரி நான் நாலு தடவை ஏறிட்டேன், அகத்தியர்கூடம் போன வருஷம் ஒரே ஒரு தடவை. அதனால தராசு கொஞ்சம் சாய்வாத்தான் நிக்கும். இருந்தாலும் என் ஓட்டு அகத்தியர்கூடத்துக்குதான், முன்னாடியே சொல்லிடுறேன்.

செலவு, லீவு கணக்கெல்லாம் பாத்தா வெள்ளியங்கிரிக்கு பக்கத்துல எதுவும் நிக்க முடியாது. காந்திபுரத்துல பூண்டி பஸ் ஏறி, அடிவாரத்துல ஒரு மூங்கில் தடி வாங்கி, ராத்திரி ஏற ஆரம்பிச்சா மறுநாள் மதியம் வீட்ல சோறு. அகத்தியர்கூடத்துக்கு கேரள வனத்துறை ஆன்லைன் புக்கிங், டாக்டர் சர்டிபிகேட், 2,000 ரூபாய்க்கு மேல கட்டணம், மூணு நாள் லீவு. சீசனும் ஜனவரி நடுவுல ஆரம்பிச்சு கொஞ்ச வாரம்தான். நம்ம பொதிகை, நம்ம அகத்தியர், தாமிரபரணி பொறக்குற மலை, ஆனா பாபநாசம் பக்கம் விடமாட்டாங்க, திருவனந்தபுரம் போயி போணக்காடு வழியாத்தான் ஏறணும். இது எனக்கு தீராத வயித்தெரிச்சல்.

வீட்டம்மாவும் வர்றாங்கன்னா கேள்விக்கே இடமில்ல. வெள்ளியங்கிரில 10 வயசுல இருந்து 50 வரைக்கும் பெண்கள் ஏறுற வழக்கமில்ல. அகத்தியர்கூடத்துல 2018ல ஹைகோர்ட் தீர்ப்பு வந்து 2019 ஜனவரில இருந்து பெண்களும் ஏறுறாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எல்லாரும் ஏத்தத்தை பத்தியே பேசுறாங்க, ஆனா ஆளை சாய்க்கிறது இறக்கம்தான். ஏறும்போது மூச்சு வாங்கும், உக்காந்தா சரியாயிடும். இறங்கும்போது உடம்பு எடை மொத்தத்தையும் தொடைதான் பிரேக் போட்டு தாங்கணும், தொடை ஓஞ்சு போச்சுன்னா அப்புறம் ஒவ்வொரு படிக்கும் அடி நேரா முட்டிக்கு. உக்காந்து எந்திரிச்சாலும் தீராது.

வெள்ளியங்கிரில போக வர மொத்தமே 12 கிலோமீட்டர் பக்கம்தான், கேக்க சின்னதா இருக்கும். ஆனா ஏறுனது ராத்திரி பூரா தூக்கமில்லாம, ஏழாவது மலைல சுயம்பு லிங்கத்த பாத்துட்டு அப்படியே திரும்பணும். ஏறும்போது முதல்ல வர்ற மலை இறங்கும்போது கடைசியா வரும், அதுதான் செங்குத்தா கல்படி, ஒரு படி அரை அடி, அடுத்தது ஒன்றரை அடி. நாலாவது தடவை அந்த முதல் மலைல இருக்குற வெள்ளை விநாயகர் கோயில் தாண்டி இறங்கும்போது வெயில் மண்டைல ஏறிடுச்சு, வலது முட்டி தனியா தந்தி அடிக்குது, நான் தடிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல ஒவ்வொரு படியா எறங்குறேன். எழுபது வயசு இருக்கும் ஒரு ஐயா, வெறுங்கால், "தம்பி, தடிய முன்னாடி ஊணிட்டு கால வை, கால வச்சிட்டு தடிய ஊணாத"ன்னு சொல்லிட்டு போயிக்கிட்டே இருந்தாரு. நாலு வருஷமா தப்பா ஊணிருக்கேன்.

அகத்தியர்கூடம் உயரம் 1,868 மீட்டர், ஒரு வழிக்கே 20 கிலோமீட்டர் பக்கம் வரும், ஆனா அதை மூணு நாளா பிரிச்சுக்குறோம், அங்கதான் வித்தியாசமே. முதல் நாள் காடு, ஆறு, புல்மேடு, அப்புறம் ஏழுமடக்கன் தேரி, முட்டிடிச்சான் தேரின்னு ரெண்டு செங்குத்து ஏத்தம். பேரை வச்சவன் அனுபவஸ்தன், ஏறும்போது முட்டி நெசமாவே நெஞ்சுகிட்ட வந்து நிக்குது. அன்னைக்கு சாயங்காலம் அதிருமலை கேம்ப்ல சூடா கஞ்சியும் பயறும், காத்து ஷெட்டு கூரைய தூக்குற மாதிரி அடிக்க, பாய்ல விழுந்தா எப்ப தூங்குனோம்னே தெரியாது. மறுநாள் பொங்காலப்பாறை தாண்டி உச்சி, கயிறு புடிச்சு ஏறுற பாறையெல்லாம் இருக்கு. அங்க இறங்கும்போது பாறைய பாத்தபடி பின்னாடியே இறங்கணும், கை வலிக்கும், முட்டிக்கு ஒண்ணும் இல்ல. திரும்ப கேம்ப், திரும்ப தூக்கம், மூணாவது நாள்தான் நீள இறக்கம். பாதையும் பெரும்பாலும் மண்ணு, வேரு, சருகு, கல்படி மாதிரி திருப்பி அடிக்காது. நாப்பத்தொண்ணு வயசுல 40 கிலோமீட்டர் நடந்துட்டு திங்கக்கிழமை ஆபீஸ் மாடிப்படி ஏறுனேன், லிஃப்ட் தேடல. வெள்ளியங்கிரி போயிட்டு வந்தா மூணு நாளைக்கு பாத்ரூம் போறதே தனி யாத்திரை.

ஒண்ணு மட்டும் சொல்லணும், நான் போனது மழையே இல்லாத பிப்ரவரி. பாறை நனைஞ்சிருந்தா இதே கதைய சொல்லிருப்பேனான்னு சத்தியம் பண்ண மாட்டேன். அட்டைக்கடி கூட எனக்கு ரெண்டே ரெண்டுதான், கூட வந்த தம்பிக்கு சாக்ஸே சிவப்பாயிடுச்சு.

இருபத்தஞ்சு வயசு, முட்டி புதுசு, கைல காசில்ல, சிவன் கூப்பிடுறாருன்னா வெள்ளியங்கிரி போங்க, அந்த ஆறாவது மலை ஆண்டிசுனைல விடியக்காலைல முங்கி எந்திரிக்கிற குளிரு வேற எங்கயும் கிடைக்காது. நான் இந்த ஜனவரிக்கும் போணக்காடுதான். நாலாவது தடவை வாங்குன தடி மொட்டைமாடில கொடிக்கயித்துக்கு முட்டு கொடுத்து நிக்குது.