ராத்திரித் தெருவுக்கு எது: போனா, கேமராவா, முக்காலியா (டிரைபாடா)?

இரவு பதினொன்றைத் தாண்டி, கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போன பிறகு, ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளிலோ செட்டிநாட்டுக் கானாடுகாத்தானின் நேர்நேரான தெருக்களிலோ நடந்துகொண்டே படம் எடுப்பது தனி ருசி. கம்பத்துக்குக் கம்பம் ஒரு வெளிச்ச வட்டம், நடுவில் இருட்டு. இதற்கு எந்தக் கருவி என்று கேட்டால், பெரும்பாலும் படம் எதில் சுத்தமாக விழும் என்ற கணக்கில்தான் பதில் வரும். எனக்கு இரண்டு கேள்விகள்தான் முக்கியம். படத்தில் ராத்திரி மிச்சம் இருக்கிறதா? எடுத்தவர் நடக்க முடிந்ததா?

முதலில் போன். 2018 கடைசியில் கூகுள் பிக்சலிலும், அடுத்த ஆண்டு ஐபோன் 11-லும் நைட் மோட் வந்தபின், ராத்திரிப் படத்துக்கு இனி கேமராவே வேண்டாம் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். வேலை செய்யும் விதம் கெட்டிக்காரத்தனமானதுதான். ஒருமுறை தொட்டால் போன் பல படங்களை எடுத்து, கை அசைவைச் சரிசெய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இருட்டுப் படத்தில் மணல்போல விழும் புள்ளிகளை (நாய்ஸ்) துடைத்துவிடுகிறது. சிக்கலும் அந்தக் கெட்டிக்காரத்தனத்தில்தான். ஸ்ரீரங்கத்துக் கிழக்கு உத்திர வீதியில் நின்று வெள்ளைக் கோபுரத்தை எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குக் கறுப்பாக இருக்கும் வானம் படத்தில் சாம்பல் நீலமாகிவிடும். இருட்டில் மறைந்திருந்த கேபிள் ஒயரும், ஓரமாக நிறுத்திய பைக்கின் நம்பர் பிளேட்டும் பளிச்சென்று தெரியும். சாயங்காலம் ஆறரை மணிக்கு எடுத்தது என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். குறுக்கே நடந்து போனவர் மட்டும் பாதி உடம்போடு பேயாகத் தெரிவார்.

அடக்க வழி உண்டு. தொடுவதற்கு முன் விரலால் பிரகாசத்தை நன்றாகக் கீழே இழுங்கள். நைட் மோட் நேரத்தை ஒரு விநாடிக்குக் குறையுங்கள், அல்லது அணைத்தே விடுங்கள். லென்ஸைச் சட்டைத் துணியால் துடையுங்கள். பையில் கிடந்த போனின் விரல் எண்ணெய்தான் விளக்கிலிருந்து நீளும் கோடுகளுக்குப் பாதிக் காரணம். இவ்வளவும் செய்தால் போன் படம் நன்றாகவே வரும். ஆனால் பிரகாசமான திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் தெருவே கறுத்துப் போயிருக்கும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். அதை நொடிக்கு நொடி கலைத்துக்கொண்டே நடந்தால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

அடுத்தது என் கட்சி: சின்னக் கேமரா, ஒரே ஒரு ப்ரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது). ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார், அதாவது ஒளியை வாங்கும் தகடு) என்றால் 35 மி.மீ., சிறிய சென்சார் என்றால் 23 அல்லது 24. அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துவாரம்) எஃப்/2 அல்லது அதைவிடத் திறந்தது; எஃப் எண் சிறுத்தால் துவாரம் பெரிது. கேமராவோடு சேர்த்தே தரும் ஜூம் லென்ஸ் (கிட் லென்ஸ்) இந்த வேலைக்கு ஆகாது. எஃப்/2.8-ஐவிட எஃப்/1.4 நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும், கிட் லென்ஸோ 2.8 வரைகூடத் திறக்காது.

சிற்றூர்த் தெருவிளக்கின் கீழ் நான் ஆரம்பிப்பது ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 3200, எஃப்/2, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/60 விநாடி. அங்கிருந்து ஏற்றி இறக்கிக்கொள்வேன். கேமராவின் வெளிச்ச மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்) குறைத்து, ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலக்கோப்பில்) எடுப்பது நல்லது. மீட்டர் எதைக் கண்டாலும் சாம்பலாக்கப் பார்க்கும், அதை நம்பினால் இதுவும் போன் மாதிரி ராத்திரியை வெளுத்துவிடும். ஒரு நுணுக்கம்: நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும். மலிவான எல்இடியின் கீழ் 1/125 வைத்தால் ஒரு படம் இருண்டும் ஒரு படம் வெளுத்தும் வரலாம். 1/50 அல்லது 1/100 வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. சைலன்ட் ஷட்டரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இந்த மினுக்கலில் படத்தில் குறுக்கே பட்டை விழும்.

இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். அதற்குப் பழைய வழியே போதும். ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஃபுல் ஃப்ரேமில் 35 மி.மீ., எஃப்/2-க்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டரிலிருந்து மூன்றரை மீட்டர் வரை கூர்மையாக இருக்கும். சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும் பால்காரர் அந்தத் தூரத்துக்கு வரும்போது ஷட்டரை அழுத்தினால் சரி. நாய்ஸ் வருமே என்பார்கள். வரட்டும். கொஞ்சம் மணல் தூவிய மாதிரி இருக்கும் இருட்டு எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

இனி முக்காலி. ஐஎஸ்ஓ 3200, எஃப்/2, 1/60 என்று கையில் எடுத்த அதே வெளிச்சத்தை, முக்காலிமேல் ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 8 விநாடி என்று எடுக்கலாம். கணக்கு ஒன்றுதான், படம் வேறு. புள்ளியே இருக்காது, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கூர்மையாக இருக்கும், அபெர்ச்சர் சிறியதாக இருப்பதால் விளக்கைச் சுற்றி நட்சத்திரக் கதிர் விரியும். கானாடுகாத்தானுக்கு இது அமைவது போல வேறெதுவும் அமையாது. அங்கே ஒரு வீடு முன் தெருவில் ஆரம்பித்துப் பின் தெருவில் முடியும். முன்பக்கம் சுதைச் சிற்பமும் தூண்களும், பக்கவாட்டில் நீண்ட மொட்டைச் சுவர். பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய. ஆடாத அசையாத அந்தச் சுவர்களுக்கு எட்டு விநாடி கொடுத்தால் சுண்ணாம்புப் பூச்சின் ஒவ்வொரு கறையும் படத்தில் வரும்.

ஆனால் முக்காலி நடையைக் கொன்றுவிடும். விரி, மட்டம் பார், காத்திரு, மடக்கு. ஒரு தெருவுக்கு மூன்று படத்தோடு ஆர்வம் வடிந்துவிடும். எட்டு விநாடியில் நடந்து போகிற மனிதர் மறைந்தே போவார், தெரு எல்லாரும் காலி செய்துவிட்ட ஊர்போல வரும். நாய்களுக்கு அது கம்பாகத்தான் தெரிகிறது, தெருமுனையிலேயே பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். மனிதர்கள் அதைவிடச் சுவாரசியம். சர்வே எடுக்க வந்திருப்பதாக நினைத்து, "தம்பி, ரோடு எப்பப் போடுறாங்க?" என்று கேட்பார்கள். ரோந்து போலீஸ் வண்டியும் முக்காலியைக் கண்டால் நிச்சயம் நிற்கும். கேட்டால் எடுத்த படத்தைக் காட்டிவிட்டால் பெரும்பாலும் போதும். திண்ணையில் தூங்குபவரை எடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஃபிலிமைப் பற்றிச் சுருக்கமாக: 400 வேகத்து (ஐஎஸ்ஓ 400) ரோலை 1600 என்று வைத்துக் கையில் எடுத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். நீண்ட நேரம் திறந்து வைத்தால் ஃபிலிம் சோம்பிவிடும், இல்ஃபோர்ட் எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு வெளிச்ச மீட்டர் 10 விநாடி சொன்னால் 20 கொடுக்க வேண்டும். ரோலும் லேபும் விற்கும் விலைக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

விளக்கு மாறியதையும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் தெருவிளக்குத் திட்டம் 2015-ல் தொடங்கியது முதல் சோடியம் விளக்குகளை எல்இடி வேகமாகத் துரத்திவருகிறது. சோடியத்தின் கீழ் பச்சைக் கதவும் நீலக் கதவும் ஒரே மாதிரித்தான் தெரியும். எல்லாம் மஞ்சள் குளித்திருக்கும். எல்இடி நிறத்தைத் திருப்பிக் கொடுத்தது, கண்ணைக் கூசவும் வைத்தது. இரண்டும் கலந்த தெருக்கள்தான் இப்போது அழகு. போன் அந்த மஞ்சளைத் தானே திருத்தி வெளுக்கப் பார்க்கும். கேமராவில் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமனை) பகல் வெளிச்சத்தில் பூட்டிவிட்டால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும்.

தனியாக நடக்கும் பெண்களுக்கு என் வரிசை கொஞ்சம் மாறும். போன் எப்படியும் கையில் இருக்க வேண்டியது, யார் கண்ணையும் இழுக்காது. சட்டென்று பையில் போட்டுவிட்டு நடையைக் கட்டலாம். அவர்களுக்கு இன்னொரு நேரமும் உண்டு. மார்கழியில் பதினொரு மணியைவிட விடிகாலை நாலரை மேல். வாசல் தெளித்த ஈரத்தில் டியூப்லைட் வெளிச்சம் விழும், கோலம் போடப் பெண்கள் வெளியே இருப்பார்கள், கேட்டுவிட்டு எடுக்கலாம். அப்போது மட்டும் ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டு வராதீர்கள், லென்ஸில் பனி படர்ந்துவிடும். அரைமணி முன்பே பையோடு திண்ணையில் வைத்துவிடுங்கள்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் லென்ஸை வாங்குங்கள். முக்காலி வேலைக்கு ஊரெங்கும் திண்ணை இருக்கிறது: கேமராவைத் திண்ணை விளிம்பில் வைத்து, கீழே கைக்குட்டையைச் சுருட்டி முட்டுக்கொடுத்து, டைமரை 2 விநாடிக்கு வைத்தால் எட்டு விநாடிப் படம் தாராளமாக வரும். அதற்கு முன் உள்ளே யாராவது விழித்திருக்கிறார்களா என்று பார்த்து, "ஒரு போட்டோ எடுத்துக்கிறேங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.