சாக் பெயிண்ட்: உப்புத்தாளே வேண்டாம் என்பது எவ்வளவு தூரம் உண்மை?

பழைய டீப்பாய், டிவி ஸ்டாண்டு, புத்தக அலமாரி ஆகியவற்றைக் குறைந்த செலவில் புதுசாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சாக் பெயிண்டில்தான் வந்து நிற்கிறார்கள். தேய்க்க வேண்டாம், பிரைமர் என்ற அடிப்பூச்சு வேண்டாம், நேரே அடிக்கலாம் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். அது பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்து வாங்கினால் கொடுத்த காசுக்கு நன்றாகவே உழைக்கும்.

1990-ல் பிரிட்டனின் பெயிண்ட் நிபுணர் ஆனி ஸ்லோன் கொண்டுவந்த பெயிண்ட் இது. இப்போது பல நிறுவனங்கள் அதே பாணியில் செய்கின்றன. தண்ணீரில் கரையும் வகை. சுண்ணக்கட்டித் தூள் போன்ற நிரப்பிகள் இதில் மிக அதிகம், பசைச் சத்து குறைவு. அதனால்தான் சட்டென்று காய்கிறது, மினுமினுப்பே இல்லாமல் உட்காருகிறது, சின்னக் கீறலும் பள்ளமும் கண்ணில் படாமல் போகின்றன. ஆனால் அதே காரணத்தால் காய்ந்த பூச்சு எண்ணெயையும் டீக் கறையையும் உறிஞ்சிக்கொள்ளும். மேலே மெழுகோ வார்னிஷோ போடாமல் விட்டால் கை படும் இடமெல்லாம் சீக்கிரமே கருக்கும். ஆகவே விலை பார்க்கும்போது மேல்பூச்சையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். இந்தச் செலவைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள்.

பெரிய டப்பா வாங்காதீர்கள். ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு, அதாவது ஒரு முறை பூசுவதற்கு, சுமார் 12 சதுர மீட்டர் வரும். 100 x 60 செ.மீ. டீப்பாயின் மேல்பலகை 0.6 சதுர மீட்டர், கால்களையும் சேர்த்தால் ஒன்று. இரண்டு கோட்டுக்கு 250 மில்லி தாராளம். 150 செ.மீ. நீள டிவி ஸ்டாண்டுக்கு அரை லிட்டர் போதும். அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளை அடிப்பதானால் மட்டும் மூன்றாவது கோட்டுக்குச் சேர்த்து வாங்குங்கள்.

டப்பாவின் வாக்கு பலிப்பது பழைய வார்னிஷ் போட்ட, உரியாத, அழுக்கில்லாத மரத்தில். அங்கேயும் தேய்ப்பதைத் தவிர்க்கலாமே தவிர கழுவுவதைத் தவிர்க்க முடியாது. வருஷக்கணக்காகத் துடைத்த பர்னிச்சர் பாலிஷில் சிலிக்கோன் இருந்தால் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகும். முதலில் மினரல் டர்பன்டைனில் துணியை நனைத்துத் துடைக்க வேண்டும். துணியை அடிக்கடி மாற்றுங்கள், இல்லையென்றால் அழுக்கை இடம் மாற்றியதுதான் மிச்சம். அப்புறம் சோப்புத் தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர், பிறகு ஒரு நாள் காயவிடுதல். பெயிண்ட் ஏற்கெனவே உரிந்துகொண்டிருக்கும் மிகப் பழைய சாமானில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பவே கூடாது.

வெளிர் நிறம் அடிப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது தேக்கும் மகோகனியும்தான். இரண்டு கோட் அடித்து முடித்த மறுநாள் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ திட்டுகள் தெரியும். மரத்தில் இயற்கையாக உள்ள டானின் என்ற கறைப் பொருள் பெயிண்டின் தண்ணீரில் கரைந்து மேலே ஏறுவதால் வருவது அது. மூன்றாவது கோட், நான்காவது கோட் என்று அடித்துக்கொண்டே போனாலும் போகாது, ஒவ்வொரு கோட்டும் புதுத் தண்ணீரைத்தானே கொண்டுவருகிறது! இதற்கு மருந்து அரக்குப் பூச்சு. மெழுகு நீக்கிய ஷெல்லாக் என்று கேட்டு வாங்கி, பெயிண்டுக்கு முன்பே இரண்டு மெல்லிய கோட் அடித்துவிட்டால் கறை அடியிலேயே நின்றுவிடும். திட்டு வந்த பிறகும் காயவிட்டு, அதன் மேல் ஷெல்லாக் அடித்து, மீண்டும் ஒரு கோட் பெயிண்ட் போடலாம். அடர்ந்த நிறம் அடிப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

லேமினேட் ஒட்டிய சாமான்களில் டப்பாவின் வாக்கை நம்பவே வேண்டாம். பெயிண்ட் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், ஒரு சாவி உரசினால் தோல் போல உரியும். 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, தூசியைத் துடைத்து, வழவழப்பான பரப்புக்கான பிரைமர் ஒரு கோட் அடித்து, ஒரு இரவு விட வேண்டும். சந்தேகமாக இருந்தால் மறைவான மூலையில் உள்ளங்கை அளவு அடித்து, ஒரு நாள் கழித்து பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு பெயிண்ட் வந்தால் அடித்தளம் சரியில்லை. தண்ணீர் பட்டு ஓரம் உப்பிப்போன பார்ட்டிகிள் போர்டுக்கு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) எந்தப் பெயிண்டும் உதவாது. அந்தப் பலகையை மாற்றுவதுதான் வழி.

அடிப்பது சுலபம். முதல் கோட் அப்படியே, இரண்டாவதில் 5 முதல் 10 சதவீதம் தண்ணீர். வெயில் காலத்தில் பிரஷ் இழுபடும். அப்போது பிரஷை லேசாக நனைத்துக்கொள்ளலாம், ஆனால் காயத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. கோட்டுகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள். டிராயரின் பக்கங்களிலும் ஓடும் கட்டைகளிலும் பெயிண்ட் படவே வேண்டாம், அரை மில்லிமீட்டர் கூடினாலே டிராயர் சிக்கும்.

மேல்பூச்சில் மெழுகைப் பலரும் புகழ்கிறார்கள். தொடுவதற்கு இதமாக இருக்கும், உண்மைதான். அலமாரிக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் போதும். டீப்பாய்க்கு வேண்டாம், சூடான டம்ளர் வைத்த இடத்தில் வட்டம் விழும். அங்கே தண்ணீரில் கரையும் பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று மெல்லிய கோட். டப்பாவைக் குலுக்காமல் கிளறுங்கள், குலுக்கினால் குமிழி. கறுப்பு, கருநீலத்தின் மேல் மேட் (மினுமினுப்பில்லாத) வார்னிஷ் மூன்று கோட் போட்டால் பால் தெளித்தது போல வெளுப்புத் தட்டலாம். முதல் இரண்டைப் பளபளப்பான வார்னிஷிலும் கடைசியை மட்டும் மேட் வார்னிஷிலும் அடித்தால் அது குறையும். வெள்ளைக்கு எண்ணெய் வார்னிஷ் வேண்டாம், மஞ்சளாகும். மெழுகு போட்டுவிட்டுப் பிறகு மனம் மாறினால் அதன் மேல் வார்னிஷ் நிற்காது. டர்பன்டைனால் மெழுகை முழுதும் எடுத்த பிறகே முடியும்.

சுவருக்கு அடிக்கும் எமல்ஷனில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்து வீட்டிலேயே செய்யும் முறை ஒன்று சுற்றிவருகிறது. மூன்று பங்கு எமல்ஷனுக்கு ஒரு பங்கு பவுடர், ஒரு பங்கு தண்ணீர். பவுடரை முதலில் தண்ணீரில் கரைக்காவிட்டால் கட்டி கட்டியாக நிற்கும். கலந்தது சில மணி நேரத்தில் இறுகிவிடும் என்பதால் ஒரு கோட்டுக்கு வேண்டியதை மட்டும் கலக்க வேண்டும். ஒரு சின்ன ஸ்டூலுக்குப் பரவாயில்லை. பெரிய சாமானுக்கு ஒவ்வொரு கலவையும் ஒவ்வொரு நிறமாகத் தெரியும்.

சோபா துணிக்கும் ரெக்சினுக்கும் இதை அடிக்கலாம் என்பவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். துணி அட்டை மாதிரி விறைக்கும், ரெக்சின் மடியும் இடத்தில் வெடிக்கும். அந்தப் பணத்தில் உறை தைக்கலாம்.

கைப்பிடி மாற்றுவதானால் இரண்டு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து வாங்குங்கள். 96, 128 மி.மீ. அளவுகள் சாதாரணம். அளவு வேறானால் பழைய ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்துக் காய்ந்த பிறகு தேய்த்து, அதற்கப்புறம்தான் பெயிண்ட். வார்னிஷ் தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் முழுசாக இறுக மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை கனமான பூச்சாடியோ ரப்பர் கால் வைத்த டிவியோ ஏற்றினால் தடம் பதிந்துவிடும்.